எர்னாவோட ஹெட்செட்

பையை அங்க வைக்காதீங்க சார். எடுங்க. எடுங்கன்றேன்ல? செருப்புப் பெட்டிதான், நான் இல்லைன்னு சொல்லல. செருப்புப் பெட்டின்னா உள்ள செருப்புதான் இருக்கணும்னு எந்தச் சட்டத்துல எழுதியிருக்கு? இந்தாங்க, நானே மடியில வச்சுக்கறேன். தாம்பரத்துல ஏறினதுல இருந்து இதே வேலையாப் போச்சு. இதுக்கு முன்னால உங்க சீட்டுல ஒரு ஆளு, விழுப்புரத்துல இறங்கினாரு, அவரு டிபன் கேரியரைத் தூக்கி இது மேல வச்சாரு. சாம்பார் கேரியர் சார். இப்ப நீங்க.

உக்காருங்க. ஜன்னலை இறக்காதீங்க, எனக்குக் காத்து வேணும். திண்டுக்கல் வரைக்கும் இந்த ஜன்னல் என்னுது. நீங்க எதுவரைக்கும்? திருச்சியா. நல்லது, சீக்கிரம் இறங்கிடுவீங்க.

உள்ள என்னன்னு கேக்கணும் போல இருக்கு, கேக்க மாட்டேங்கறீங்க. கேக்காம ஓரக்கண்ணால பாக்கறவங்களைக் கண்டாதான் எனக்குப் பத்திக்கிட்டு வரும். பொம்மை சார். சிரிக்காதீங்க. அறுபத்தெட்டு வயசு ஆளு மடியில பொம்மையான்னு சிரிக்கறீங்க. இது குழந்தைங்க வச்சு விளையாடற பொம்மை இல்ல. உலகம் பூரா இதைச் சேக்கறவங்க இருக்காங்க, பெரிய பெரிய டாக்டருங்க, வக்கீலுங்க.

பாருங்க. தொடாதீங்க, பாருங்க. ஜெர்மன்காரி. ரெண்டாவது உலகப் போர் அப்ப ஜெர்மன் ராணுவத்துல பொம்பளைங்களையும் சேத்தாங்க. துப்பாக்கி கிடையாது. டெலிபோன், தந்தி, டைப் அடிக்கறது. ஆம்பளைங்களை எல்லாம் சண்டைக்கு அனுப்பணும்ல, அந்த நாற்காலியில இவங்களை உக்கார வச்சாங்க. இவ டெலிபோன்காரி. பேரு எர்னா. நான் வச்ச பேரு இல்ல, பெட்டியிலயே அச்சடிச்சிருந்துச்சு. உயரம் ஒரு அடி. இந்தக் கோட்டைப் பாருங்க, நிஜக் கம்பளித் துணி. பொத்தான் ஒவ்வொண்ணும் கழட்டி மாட்டலாம். தொப்பியில மின்னல் தெரியுதா? சிக்னல் பிரிவுக்கு அதுதான் அடையாளம். இந்தப் பக்கம் மார்ல கழுகு, கழுகு காலுக்குக் கீழ... ஆமா. அதேதான். ஹிட்லர் கட்சிச் சின்னம்.

மூஞ்சி மாறுது பாருங்க உங்களுக்கு. எல்லாரும் இதேதான் செய்யறீங்க. இவ யாரைச் சுட்டா? யாரை அடிச்சா? கேட்ட நம்பருக்கு லைன் போட்டா, அவ்வளவுதான். வேலைன்னா வேலை. சொன்னதைச் செஞ்சா, எதுத்து ஒரு வார்த்தை பேசல, மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கல. எனக்கு எர்னாகிட்ட பிடிச்சதே அதுதான். என் அலமாரியில இருபத்தோரு சிப்பாய் இருக்கான், ரஷ்யாக்காரன், ஜப்பான்காரன், பர்மாவுல சண்டை போட்ட நம்ம மெட்ராஸ் ரெஜிமெண்ட்காரன் உட்பட. பொம்பளைன்னு இவ ஒருத்திதான். ரெண்டு வருஷம் காத்திருந்து ஹாங்காங்ல இருந்து வரவழைச்சேன்.

இவ தலையில ஒரு ஹெட்செட் இருக்கணும் சார். காதுல வைக்கற குமிழ், வாய்கிட்ட வர்ற மைக்கு, கீழ சின்னதா ஒரு வயரு. அதுதான் இல்ல. ஹெட்செட் இல்லாத டெலிபோன்காரி எதுல சேத்தி? வெறும் தொப்பி போட்ட பொம்பளை. அந்த ஹெட்செட் திண்டுக்கல்ல இருக்கு. அதை வாங்கத்தான் போறேன். வேற எதுக்கும் போகல.

எங்க வீட்டுல எடுத்துக்கிட்டுப் போயிட்டா. வீட்டுலன்னா, பொண்டாட்டி சார். பதினோரு நாளாச்சு. சினேகிதி வீட்டுல போய் உக்காந்திருக்கா, ரெஜினான்னு ஒருத்தி. அதை விடுங்க. போனா வருவா. நாப்பது வருஷமா எங்க போனா? எனக்கு வேண்டியது ஹெட்செட்.

நடந்தது என்னன்னா, கொலு. எங்க வீட்டுல வருஷா வருஷம் அஞ்சு படி. எனக்கு அதுல அக்கறை கிடையாது, பரண்ல இருந்து பெட்டி இறக்கிக் கொடுப்பேன், அதோட சரி. கொலுன்னா வருஷத்துக்கு ஒரு பொம்மையாவது புதுசா வைக்கணுமாம். எவன் சொன்னானோ. இந்த வருஷம் வந்து நின்னா, "ஒரு பொம்மை வாங்கணுங்க, மயிலாப்பூர் வரைக்கும் போயிட்டு வரலாமா"ன்னு. நான் சொன்னேன், "இருக்கற நூத்திச் சொச்சம் பொம்மைய வைக்கவே இடம் இல்ல, பழசைத் தொடச்சு வை, புதுசாத்தான் தெரியும்." தப்பா சார்? நீங்களே சொல்லுங்க. ஆங், தப்பு இல்லைல. "சரிங்க"ன்னு போயிட்டா. எப்பவும் "சரிங்க"தான். அதுல ஒரு குறையும் சொல்ல முடியாது.

ரெண்டாவது நாள் நான் பெங்களூர் கிளம்பிட்டேன். எங்க கூட்டம் அங்க நடக்குது, சேக்கறவங்க கூட்டம். மூணு நாள் கழிச்சு சாயங்காலமா வீட்டுக்குள்ள காலை வைக்கறேன், ஹால் நிறைய பொம்பளைங்க. எங்க அடுக்குமாடியில இருக்கற அத்தனை பேரும். எல்லாரும் மூணாவது படியையே குனிஞ்சு குனிஞ்சு பாக்கறாங்க. நானும் எட்டிப் பாத்தேன்.

எர்னா உக்காந்திருக்கா சார். என் எர்னா. படியில.

பொம்மை வந்த பெட்டியைத் திறக்கவே கூடாதுன்றதுதான் சேக்கறவங்களுக்கு மொதப் பாடம். திறக்காத வரைக்கும்தான் அதுக்கு மதிப்பு. நானே திறந்ததில்ல, கண்ணாடித்தாள் வழியாத்தான் பாப்பேன். இவ திறந்திருக்கா. திறந்தது மட்டும் இல்ல, அந்தப் பெட்டியை வெட்டியிருக்கா! வெட்டி, கறுப்புப் பெயிண்ட் அடிச்சு, ஊசியால வரிசை வரிசையா ஓட்டை போட்டு, செவப்பு நூலும் பச்சை நூலும் கோத்து, டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் போர்டு பண்ணியிருக்கா. அதுக்கு முன்னால நாலு மரப்பாச்சி, நாலுக்கும் சின்னதா சேலை கட்டி உக்கார வச்சிருக்கா. நடுவுல எர்னா. ஹெட்செட்டோட. கையில ஒரு நூலு. நெத்தியில குங்குமம். தொப்பிக்குப் பின்னால மல்லிப்பூ.

சிரிக்காதீங்கன்னு சொன்னேன்.

மாடிவீட்டம்மா ஒருத்தி, நாகரத்தினம்னு பேரு, அவ கேக்கறா, "பாத்தீங்களா, வெள்ளைக்காரியா இருந்தாலும் ஸ்வஸ்திக் போட்டிருக்கா, எவ்வளவு பக்தி! கொஞ்சம் கோணலா இருக்கு, ஆனா போட்டிருக்கா." சொல்லிக்கிட்டே குங்குமச் சிமிழ்ல விரலை வச்சு அந்தக் கழுகுக்குக் கீழ ஒரு பொட்டு வச்சா. அவளைப் பாத்து இன்னொருத்தியும் வச்சா. பாருங்க, இன்னும் அந்தச் செவப்பு போகல. கம்பளியில ஏறினா போகாது. எத்தனை ராணுவம் அந்தச் சின்னத்துக்கு எதிரா சண்டை போட்டுச்சு, இங்க குங்குமம் வச்சுக் கும்பிட்டுட்டுப் போறாங்க!

அதைவிட எரிச்சல் என்னன்னா, எங்க வீட்டம்மா பேசிக்கிட்டிருந்தா. நின்னு, கையை ஆட்டி ஆட்டிப் பேசறா. அவ அப்படிப் பேசி நான் பாத்ததே இல்ல. "இது வர்ற லைனு, இது போற லைனு. விளக்கு எரிஞ்சா இதை எடுத்து இதுல சொருகணும். நாங்க வரிசையா பன்னெண்டு பேர் உக்காந்திருப்போம். புயல் வந்தப்ப ரெண்டு நாள் நாங்க எழுந்திருக்கவே இல்ல. நாகப்பட்டினத்துல ஒரே ஒரு லைன்தான் உசிரோட இருந்துச்சு, அதை நான் விடவே இல்ல, பிடிச்சுக்கிட்டே இருந்தேன்." அந்தப் பொம்பளைங்க சுண்டலைத் தின்னாம வாயைப் பொளந்து கேக்கறாங்க. அளப்பு! "நீங்க எக்ஸ்சேஞ்ச்ல இருந்தீங்களா மாமி, சொன்னதே இல்லையே"ன்றாங்க. இவளும், "இதோ இவ மாதிரி"ன்னு எர்னாவைக் காட்டறா.

இருந்தா சார். நான் இல்லைன்னு சொல்லல. நீங்க இறங்கப் போற திருச்சியிலதான். ட்ரங்க் எக்ஸ்சேஞ்ச், ஏழு வருஷம். உங்க வயசுக்கு ட்ரங்க் கால் ஞாபகம் இருக்காது. வெளியூருக்குப் பேசணும்னா பதிஞ்சு வச்சுட்டு உக்காந்திருக்கணும். லைன் கிடைச்சதும் கூப்பிடுவாங்க. அதுல பி.பி. கால்னு ஒண்ணு. இன்ன ஆள்கிட்டதான் பேசணும்னு பேரைச் சொல்லிப் பதியணும். அந்த ஆள் வந்து நின்னாதான் லைனைக் கொடுப்பாங்க. ஆள் இல்லைன்னா கேன்சல்.

கல்யாணம் ஆகி மூணாவது வருஷம் எனக்கு மெட்ராஸுக்கு மாத்தல் வந்துச்சு. பாங்க் வேலை. அம்மாவையும் கூட்டிக்கிட்டு வந்துட்டேன். இவ வேலைக்காகத் திருச்சியிலயே இருந்தா, மெட்ராஸுக்கு மாத்தல் கேட்டு எழுதிப் போட்டா. கிடைக்கற மாதிரியும் இருந்துச்சு. கிடைச்சா என்ன ஆகும்? அங்கயும் வந்து மறுபடி நைட் டியூட்டி. வீட்டுல வயசான பொம்பளை தனியாக் கிடக்கணும். நான் யோசிச்சேன். ஒரு குடும்பத்துல யாராவது ஒருத்தர் யோசிக்கணும்ல? அவங்க சூப்பர்வைசருக்கே பி.பி. கால் பதிஞ்சு பேசினேன். "மாத்தல் வேண்டாம் சார், அவளுக்கே வேலையில இஷ்டம் இல்ல, உடம்பும் சரியில்ல, நரம்புத் தளர்ச்சி, உங்ககிட்ட சொல்லக் கூச்சப்படறா, ராஜினாமா வரும், ஏத்துக்கங்க"ன்னேன். அப்புறம் ராஜினாமாவை அவ எழுதற மாதிரி நானே அழகா இங்கிலீஷ்ல டைப் அடிச்சு அனுப்பினேன். கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பிட்டா. எதுக்குன்னு ஒரு கேள்வி கேக்கல. அப்படி ஒரு நம்பிக்கை என் மேல.

எதுக்கு அப்படிப் பாக்கறீங்க? அந்தக் காலத்துல எல்லா வீட்டுலயும் நடந்ததுதான். அதுக்கப்புறம் அவளுக்கு நான் என்ன குறை வச்சேன்? பிள்ளைகுட்டி இல்ல, அதுவும் என் குத்தம் கிடையாது, கேக்கறதுக்கு முன்னாலயே சொல்லிட்டேன்.

எங்க விட்டேன்? ஆங், பொம்பளைங்க எல்லாம் போனதும் சொன்னேன், "எடு அதை." என்னைக்கும் "சரிங்க"ன்றவ, அன்னிக்கு, "எடுக்கக் கூடாதுங்க. படியில வச்சதை விஜயதசமி வரைக்கும் நகர்த்தக் கூடாது. அன்னிக்கு ராத்திரி ஒரு பொம்மையைப் படுக்க வச்சுட்டு, மறுநாள்தான் எடுக்கணும்"னா. சாமி விஷயம்னு நாக்கைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன். ஒரு நாள் இல்ல, மூணு நாள். தினமும் சாயங்காலம் கூட்டம். மேல வீட்டுல இருந்து கீழ வீட்டுக்குச் சொல்லி, கீழ வீட்டுல இருந்து பக்கத்துத் தெருவுக்குச் சொல்லி, "டெலிபோன் கொலு பாக்க வந்தோம்"னு வர்றாங்க. வந்தவங்க பிள்ளைங்க எர்னா கையில இருந்த நூலை இழுக்குதுங்க. நான் விலக்கி விலக்கி விடறேன். இவ என்னடான்னா, "நம்பர் சொல்லுங்க, நம்பர் சொல்லுங்க"ன்னு அதுங்களோட சேந்து விளையாடிக்கிட்டிருக்கா. அறுபத்து மூணு வயசுல!

எட்டாவது நாள் பொறுக்க முடியல. அந்த நாகரத்தினம் மறுபடியும் குங்குமத்தைத் தூக்கிக்கிட்டு எர்னா மார்கிட்ட வந்தா. நான் எழுந்துட்டேன். "நிறுத்துங்கம்மா. அது என்னன்னு தெரியுமா உங்களுக்கு? அது நம்ம ஸ்வஸ்திக் இல்ல. அது நாஜிச் சின்னம். லட்சக்கணக்கான ஜனங்களைக் கொன்னவங்க போட்டுக்கிட்ட சின்னம்"னேன். விவரம் தெரியாம பேசிட்டிருந்தாங்க, விவரம் சொன்னேன், அவ்வளவுதான். அத்தனை பேருக்கும் மூஞ்சி செத்துப்போச்சு. நாகரத்தினம் விரலைச் சேலையில தொடைச்சுக்கிட்டா. "ஐயோ, அம்பாளுக்குப் பக்கத்துலயா இதை வச்சீங்க மாமி"ன்னு இவளைப் பாத்துக் கேட்டா.

இவ என்னைப் பாத்தா. "நீங்க இதைச் சொன்னதே இல்லையேங்க. டெலிபோன்காரின்னு மட்டும்தானே சொன்னீங்க"ன்னா. ஆமா, சொன்னதில்ல. அவளுக்கு எதுக்கு இதெல்லாம்? அப்புறம் ஒரு கேள்வி கேட்டா. எல்லார் முன்னாலயும். "இவ யாருக்கெல்லாம் லைன் போட்டா?"

இது என்ன கேள்வி சார்? "மேலதிகாரி யாருக்குப் போடச் சொன்னாங்களோ அவங்களுக்குப் போட்டா. அவளுக்கு என்ன தெரியும்? அவ பாட்டுக்கு அவ வேலையைச் செஞ்சா"ன்னேன்.

"தெரியும்"னா. "லைன் போடறவளுக்கு எல்லாம் கேக்கும்."

"கேட்டா என்ன? கேக்காத மாதிரி இருந்திருப்பா. அதுதான் நல்ல வேலைக்காரிக்கு அழகு"ன்னேன்.

அதுக்கு இவ குரலைக்கூட உயர்த்தல. அதான் எனக்கு இன்னும் ஆத்திரம். "ஆமாங்க. கேட்டும் போட்டுக்கிட்டே இருந்திருக்கா. நானும் அப்படித்தான். நீங்க மெட்ராஸ்ல இருந்து சூப்பர்வைசருக்கு பி.பி. கால் பதிஞ்சீங்களே, அன்னிக்கு அந்த போர்டுல நான்தான் உக்காந்திருந்தேன். ஆள் இருக்காரான்னு பாத்து, லைனைக் கொடுத்ததும் நான்தான்."

எப்படி இருக்கும் எனக்கு, யோசிச்சுப் பாருங்க. பத்துப் பதினஞ்சு பொம்பளைங்க, ஆளுக்கொரு கையில வெத்தலைபாக்கு. அத்தனை கண்ணும் என் மேல. முப்பத்தேழு வருஷம் சார்! முப்பத்தேழு வருஷமா அதை வச்சுக்கிட்டு எனக்குச் சோறு போட்டிருக்கா! ஒட்டுக்கேட்டிருக்கா! ஆபரேட்டர் லைனைக் கேக்கறது குத்தம், தெரியுமா? டிபார்ட்மெண்டுக்குத் தெரிஞ்சா வேலை போயிருக்கும். ஆங்? அதான் போயிருச்சேன்றீங்களா? நீங்க என்ன சார், யார் பக்கம் பேசறீங்க?

எனக்குக் கோபம் வந்துச்சு. வராதா? படிகிட்டப் போய் எர்னாவைப் பிடிச்சு இழுத்தேன். நூலெல்லாம் அவ கையில கட்டியிருந்தது எனக்கு என்ன தெரியும்? போர்டு கூடவே வந்துச்சு. மரப்பாச்சி நாலும் உருண்டு விழுந்துச்சு. மேல் படியில இருந்த கலசம் ஆடினதை நாகரத்தினம் ஓடிவந்து பிடிச்சா, இல்லைன்னா அதுவும் போயிருக்கும். "படியில இருக்கறதைப் போய்..."ன்னு ஒருத்தி அழவே ஆரம்பிச்சுட்டா. ஒருத்தியும் தாம்பூலம்கூட முழுசா வாங்கிக்கல, ஓடிப்போயிட்டாளுங்க.

இவ வந்து என் கையில இருந்த எர்னா தலையில இருந்து, மெதுவா, இப்படி, ஒரு முடிகூட கலையாம, அந்த ஹெட்செட்டை மட்டும் கழட்டிக்கிட்டா. "இவளுக்கு இது வேண்டாம். போதும்"னா. நான் ஏதோ பத்திரமா எடுத்து வைக்கறான்னு நினைச்சேன்.

மிச்சம் ரெண்டு நாள் கொலு ஒழுங்கா நடந்துச்சு. யாரும் வரல, ஆனா ரெண்டு நாளும் சுண்டல் பண்ணினா. விஜயதசமி அன்னிக்கு ஒரு மரப்பாச்சியைப் படுக்க வச்சா. மறுநாள் காலையில எல்லாத்தையும் துணி சுத்திப் பெட்டியில அடுக்கி, பெட்டி மேல பேர் எழுதி ஒட்டினா. பகல்ல நான் எர்னா கோட்டுல இருந்த குங்குமத்தை பிரஷ் வச்சு எடுத்துக்கிட்டிருந்தேன். கையில பையோட வந்து நின்னா. "ரெஜினா வீட்டுக்குப் போறேங்க"ன்னா. நான் நிமிர்ந்து பாக்கல, பிரஷ் நழுவினா துணி நைஞ்சிரும். "சரி, கதவைச் சாத்திட்டுப் போ"ன்னேன்.

மூணு நாள் கழிச்சுதான் எனக்குத் தெரிஞ்சுது சார், எர்னாவை அலமாரியில வைக்கலாம்னு ஹெட்செட்டைத் தேடறேன், இல்ல. மேசை டிராயர், சாமி அலமாரி, அவ தையல் டப்பா, எங்கயும் இல்ல. அப்பத்தான் பகீர்னுச்சு. போயிட்டாடா, எடுத்துக்கிட்டே போயிட்டாடான்னு. சமையல் கட்டுல பாத்திரம் எல்லாம் கழுவிக் கவுத்தி வச்சிருந்தா. அவ சேலை வைக்கற தட்டு காலி. மூணு நாளா நான் வெளியில சாப்பிட்டுக்கிட்டிருந்தேன், அந்தப் பக்கமே போகல.

போன் பண்ணினா எடுக்கறதே இல்ல. எட்டு நாளாக் கூப்பிடறேன். எங்க ரெண்டு பேருக்கும் தெரிஞ்சவங்க மூலமாக் கேட்டேன், நல்லாத்தான் இருக்காளாம். ரெஜினாவும் அந்த எக்ஸ்சேஞ்ச்காரிதான், புருஷன் செத்துட்டான். ரெண்டும் சேந்து கோயில் சர்ச்சுன்னு ஒண்ணு விடாம சுத்துதுங்களாம். திண்டுக்கல்ல ஏதோ ஒரு சர்ச்சுக்குப் பின்னாலன்னு மட்டும்தான் தெரியும். அங்க எத்தனை சர்ச்சு இருக்கு! விலாசம் தெரியாமதான் கிளம்பி வந்திருக்கேன். போய் இறங்கி, ஹெட்செட்டைக் கொடுன்னு கேக்கணும். வர்றதுன்னா வரட்டும், நான் கெஞ்சப் போறதில்ல. வீடுதான் பூட்டிக் கிடக்கற மாதிரி இருக்கு, மத்தபடி எனக்கு ஒரு கஷ்டமும் இல்ல.

கொள்ளிடம் பாலம் வந்துருச்சு. ஸ்ரீரங்கம் கோபுரம் தெரியும் பாருங்க. நீங்க இறங்கணும்ல. சார், உங்க போனை ஒரு நிமிஷம் கொடுங்களேன். என் நம்பரைப் பாத்தா எடுக்க மாட்டேங்கறா. உங்க நம்பர்னா எடுப்பா. கொடுங்க சார், நான் என்ன கடிச்சா தின்னுடப் போறேன்? நம்பரா, இருங்க, என் போன்ல பாத்துச் சொல்றேன். "வீடு"ன்னு போட்டு வச்சிருக்கேன். இந்தாங்க, இதான். போடுங்க.

போகுது. மணி அடிக்குது.

ஹலோ. ஹலோ, யாரு, ரெஜினாவா? நீயா? நான்தான். நான்தான்னா நான்தான். ரயில்ல வரேன். எங்க இருக்க நீ? எந்த சர்ச்சு? என்னது? என்ன கேக்கற? விளையாடறியா? இது வேற ஒருத்தர் போனு. நான் யாரைக் கூப்பிடறேன்னு உனக்குத் தெரியாதா? சொன்னாத்தான் ஆச்சா? ஏய், இரு. இரு, வச்சிராத. எர்னா...

வச்சுட்டா.

கொழுப்பைப் பாத்தீங்களா? "பி.பி. காலா சார்? யாரோட பேசணும், ஆள் பேரைச் சொல்லுங்க"ன்றா! அந்த எக்ஸ்சேஞ்ச் குரல்ல, சிரிக்காம, கொஞ்சம்கூடப் பதறாம. கட்டின புருஷன்கிட்ட! பேர் சொல்லு, பேர் சொல்லுன்னா, நாப்பது வருஷமா நான் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது கிடையாது. "இந்தா"ன்னாப் போதும், வந்துருவா. தொண்டையில வந்து நிக்குது, வாயில வரல. சரி, ஹெட்செட்டைப் பத்தியாவது கேப்போம்னு எர்னாவோடன்னு ஆரம்பிச்சேன். "அந்தப் பேர்ல இங்க யாரும் இல்ல சார். கால் கேன்சல்"னு வச்சுட்டா.

என்ன? பேர் என்னவா? என் பொண்டாட்டி பேரு உங்களுக்கு எதுக்கு? தெரியும் சார். பேர் தெரியாமலா இருப்பேன்? ரேஷன் கார்டுல இருக்கு, பாங்க் பாஸ்புக்ல இருக்கு. ராஜினாமாவுல நானே டைப் அடிச்சேன். மங்கையர்க்கரசி. போதுமா? மங்கையர்க்கரசி.

வண்டி நிக்குது. இறங்காதீங்க, ஒரே நிமிஷம், இங்க நிறைய நேரம் நிக்கும். இன்னொரு தடவை போட்டுக் கொடுத்துட்டுப் போங்க. இந்தத் தடவை சொல்லிடறேன். பெட்டியைக் கொஞ்சம் பிடிங்க. எங்கயாவது வைங்க சார், கீழேயே வைங்க, பரவாயில்ல. கொடுங்க போனை.

ஹலோ. மங்கையர்க்கரசி. மங்கையர்க்கரசி இருக்காங்களா? ஹலோ?

வேற எவளோ பேசறா சார். நீங்கள் தொடர்பு கொள்ளும் வாடிக்கையாளர் போனை அணைச்சு வச்சிருக்கார்ன்றா. எவ்வளவு மரியாதையாப் பேசறா பாருங்க. பேரைச் சொல்லிட்டேன் சார். ரெண்டு தடவை சொல்லிட்டேன். அவ காதுலயே போட்டுக்கல. சொன்னதையேதான் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கிட்டிருக்கா.